வீட்டுச் சாவியும் நாய்ப் பெல்ட்டும்: வடசென்னையில் முதல் முறையாக வீடும் பிராணியும் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு

"பொண்ணுக்குக் கொழந்த பொறக்கப் போவுது கண்ணு. ஆறு மாசம் அமெரிக்கா போறோம். வீட்டக்கூடப் பூட்டிட்டுப் போயிடலாம். இவன என்னா பண்றது?"

எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் புது வண்ணாரப்பேட்டைத் தெருவில் எதிர்வீட்டு அம்மா கேட்ட கேள்வி இது. 'இவன்' என்றது மணி என்ற பழுப்பு நாட்டு நாயை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். இப்போது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வரை கூப்பிடுகிறார்கள். வேலை தேடும் பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் எப்படித் தொடங்குவது என்று என்னிடம் அடிக்கடி கேட்பதால், தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வெளிநாட்டுக் கடலோர நகரங்களில் இது வேறு மாதிரி நடக்கிறது. வீட்டுக்காரர் ஊருக்குப் போவார்; முன்பின் தெரியாத ஒருவர் வந்து தங்கி நாயையும் செடியையும் பார்த்துக்கொள்வார். பெரும்பாலும் கூலியும் கிடையாது, வாடகையும் கிடையாது. அதை நம்பி வெளிநாடு சுற்றிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காசு வாங்காவிட்டாலும், சுற்றுலா விசாவில் வந்து வீடு பார்த்துக்கொள்வதை வேலை என்றே எடுத்துக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன. விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு. நம் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. நமக்கு இங்கேயே வீடு இருக்கிறது. நேரத்துக்கும் உழைப்புக்கும் காசு வாங்குகிறோம்.

எதை ஒப்புக்கொள்வது

பூனை, மீன், புறா என்றால் தினம் இரண்டு வேளை போய்வந்தால் போதும். நாய் என்றால் இரவு தங்க வேண்டும். தனியாக விட்ட நாய் ராத்திரி முழுக்கக் குரைக்கும். ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் தெருக்களில் நான்கு வீட்டுக்குத் தூக்கம் போகும், மறுநாள் சண்டை உங்களிடம்தான் வரும்.

சிலவற்றைத் தொடக்கத்திலேயே மறுத்துவிடுங்கள். கூண்டில் பச்சைக்கிளி இருக்கும் வீடு முதலாவது. அந்தக் கிளியை வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே கதைதான். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு" என்பார்கள். சாவி உங்கள் கையில் இருக்கும்போது வனத்துறையினர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அடுத்தது, தடுப்பூசி முடியாத குட்டி. பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் வந்தால் குட்டி இரண்டு நாளில் செத்துப்போகலாம், பழியும் நம் தலையில் விழும். ஏற்கெனவே வெளியாளைக் கடித்த நாயையும் புதிதாக வருபவர் எடுக்க வேண்டாம்.

நாய்க்கு மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய்தான், ஆனாலும் எடுக்காதவர்கள் நிறைய. அந்தத் தாள்களின் படம் உங்கள் போனில் இருக்கட்டும். தெருவில் யாராவது தகராறு செய்தால் அதைத்தான் காட்டப் போகிறீர்கள்.

ஒரு நாள் முழுக்கக் கூட இருங்கள்

இந்த வேலையில் எனக்குத் தெரிந்த எல்லாமும் இந்த ஒரு நாளில்தான் அடங்கியிருக்கிறது. வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே, காலை எழுந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை அந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்டால் அவர்கள் சொல்வது பாதிதான். மறைக்க நினைப்பதில்லை, தினம் செய்வதால் அது கண்ணில் படுவதில்லை.

மணி வீட்டில் நான் அப்படிச் செய்யவில்லை. "ரெண்டு வேள சோறு, கோழி கலந்து போடு, காலைல சாயங்காலம் வெளிய கூட்டினு போ" என்று சொன்னார்கள், தலையாட்டிவிட்டேன். அவர்கள் போனதும் மணி கேட்டுக்குப் பக்கத்தில் படுத்தான். இரண்டு நாள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அமெரிக்காவுக்குப் போன் போட்டேன். அந்த அம்மா யோசித்து யோசித்துச் சொன்னார்: "ஐயா சாப்பிட்டு முடிச்சதும் தட்டுல கடைசி உருண்டைய அவனுக்குக் கையால குடுப்பாரு. அதுக்கப்புறம்தான் அவன் தட்டுல வாய வெப்பான்." நான் தரையில் உட்கார்ந்து, ஐயாவின் அதே எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு, கடைசி உருண்டையை நீட்டினேன். முதலில் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வாங்கிக்கொண்டான். பிறகு போய்த் தன் தட்டைக் காலி செய்தான்.

வீட்டு மனிதர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்பதே நாய்க்குப் போதுமான அதிர்ச்சி. மற்றபடி எதுவுமே மாறக்கூடாது. அதே நேரம், அதே தட்டு, அதே பாதை, அதே சத்தம். அந்த ஒரு நாளில் நோட்டுப் போட்டு இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு எழுப்புகிறார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்த வார்த்தைக்கு உட்காருகிறது, சாப்பாட்டுக்கு முன்னால் நடையா பின்னாலா, டிவி ஓடிக்கொண்டிருக்குமா, எந்த அறைக்கு அனுமதி இல்லை, ராத்திரி எங்கே படுக்கிறது, எதைக் கண்டால் பயப்படுகிறது. குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் ஓடும் நாய் உண்டு. துவைக்காத லுங்கியோ நைட்டியோ ஒன்றை விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். படுக்கும் இடத்தில் போட்டால் முதல் வாரம் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கும்.

காசும் காகிதமும்

கூச்சப்படாமல் முன்னாலேயே பேசிவிட வேண்டும். நான் ஒரு வேளை போய்வர 250 ரூபாயும், இரவு தங்க 700 ரூபாயும் வாங்குகிறேன். பாதியை முன்பணமாகக் கேட்பேன். சாப்பாடு, மருந்து, பூனையின் கழிவுத் தட்டுக்கான மணல் எல்லாம் தனிக் கணக்கு, பில்லை அன்றன்றே அனுப்பிவிடுவேன்.

ஒரு பக்கத் தாள் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அதில் தேதிகள், கூலி, யார் யார் வீட்டுக்குள் வரலாம், வழக்கமான கால்நடை மருத்துவர் யார், சென்னையிலேயே முடிவெடுக்கக்கூடிய உறவினர் ஒருவர் எல்லாம் இருக்கட்டும். முக்கியமாக, அவசரத்தில் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற தொகை. நமக்குப் பகல் 11 மணி என்றால் நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டியிருக்கும். போன் எடுக்க மாட்டார்கள், நாய் மேஜைமேல் கிடக்கும், மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்துக்குத்தான் அந்த வரி.

தங்குபவர் வாடகைக்கு வரவில்லை, பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 'ஆறு மாசம் இருந்துட்டு வீட்டையே புடிச்சிக்குவாங்க' என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறது. காவலுக்கு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த வீட்டில் அவருக்கு உரிமை வராது என்று உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கும் மனசு லேசாகும்.

சாவி வாங்கும் அன்று ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் எண்ணையும் சேர்த்து. நகை, பணம் வைத்த பீரோ சாவியை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் வீட்டுக்காரரே ஒரு வார்த்தை சொல்லி, உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டால் நல்லது.

உப்புக்காற்று வீடு

நம் பக்கத்து வீடுகளுக்கு ஒரு குணம் உண்டு. கடல் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் இரும்பு எதுவும் சும்மா இருக்காது. பூட்டுக்கு வாரம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். விடாவிட்டால் ஒருநாள் ராத்திரி சாவி பூட்டுக்குள்ளேயே முறியும். கிரில் கேட் கொக்கி, பால்கனிக் கம்பி, மொட்டைமாடிக் கதவுத் தாழ்ப்பாள் மூன்றையும் முதல் நாளே இழுத்துப் பாருங்கள். துருப்பிடித்த கம்பி இடுக்கில் பூனை வெளியே போனால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறும். நீங்கள் குப்பை போட வாசலுக்கு வந்திருப்பீர்கள். பின்பக்க ஜன்னல் திறந்திருக்கும். கதவு 'படீர்' என்று சாத்தும். சாவி உள்ளே, போன் உள்ளே, அடுப்பில் பூனைக்கு வைத்த கோழி உள்ளே. எனக்கு ராயபுரத்தில் இது நடந்தது. பூட்டை உடைக்க ஆள் வருவதற்குள் குக்கர் கருகிப் பூனை புகையில் தும்மிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன், கதவிடுக்கில் ஒரு மரக்கட்டை வைக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு வரும், அடிபம்பா மோட்டாரா, மேல்தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் என்பதை அந்த ஒரு நாளிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டதும் போனில் அலாரம் வையுங்கள். சம்ப் என்ற தரைத்தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் பிராணியை அறையில் விட்டுப் பூட்டிவிடுங்கள், மூடிய பிறகுதான் அறைக்கதவைத் திறக்க வேண்டும். பயன்படுத்தாத பாத்ரூம் குழியில் தினம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அது காய்ந்தால் கரப்பானும் நாற்றமும் மேலே வரும். மாடியில் கவிழ்க்காத வாளி, செடித் தட்டு எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து பார்ப்பார்கள், டெங்குக் காலத்தில் கட்டாயம் வருவார்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் பிராணியின் தண்ணீர்க் கிண்ணத்தை மாடியிலோ ஜன்னலோரத்திலோ வைக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் மேலே தூசி படிந்துவிடும். உள்ளே வைத்து இரண்டு வேளை மாற்றுங்கள்.

கேஸ் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடுங்கள். கசிவு என்றால் 1906. மின்தடைக்கு 94987 94987. தண்ணீர் தேங்கினாலோ மரம் விழுந்தாலோ மாநகராட்சியின் 1913. இவற்றைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

நாய்

முதல் பத்து நாளில் பெரிய ஆபத்து நோய் இல்லை, ஓட்டம். தன் ஆட்களைத் தேடித்தான் ஓடும். கழுத்துப் பட்டை ஒன்று, மார்பைச் சுற்றிய பெல்ட் ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு போட்டுத்தான் கூட்டிப் போவேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தால் பழகின நாயே தலையை உருவிக்கொண்டு பாயும்.

காலை ஆறரை மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மாலை நடையை இருட்டிய பிறகு வையுங்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. வீட்டுக்காரர் போகும் அதே பாதையில் போங்கள். தெரு நாய்களுக்கு அந்தப் பாதையில் அது பழகின முகம். புதுத் தெருவில் நுழைந்தால் ஐந்தாறு சேர்ந்து வளைத்துக்கொள்ளும். அப்படி வளைத்தால் ஓடாதீர்கள், தூக்கவும் தூக்காதீர்கள். கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக மெதுவாக நகருங்கள்.

கடற்கரைக்குக் கூட்டிப் போக ஆசையாக இருக்கும். காசிமேட்டுக்கு வடக்கே கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், இடுக்கில் கால் மாட்டிக்கொள்ளும். வலையிலிருந்து கழித்துப் போட்ட மீனும் கிடக்கும். அதில் பேத்தை மீன் இருந்தால் அதைத் தின்ற நாயைக் காப்பாற்றுவது கடினம். தூண்டில் முள், கெளுத்தி முள் வேறு. என்னைக் கேட்டால், உங்கள் பொறுப்பில் இருக்கும்வரை கரைக்கே போக வேண்டாம்.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் இருக்கும். கேட்டைத் திறந்து வையுங்கள், அந்த லுங்கியை வாசலில் போடுங்கள், டீக்கடையிலும் மீன்காரம்மாக்களிடமும் சொல்லுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. வீட்டுக்காரரை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள். நடந்ததை அவரிடம் மறைத்தால் அந்தக் குரல் உங்களுக்குக் கிடைக்காது.

வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். மிச்சக் குழம்புச் சோறு போடும் வீடுகள் உண்டு. அங்கே வெங்காயம் இல்லாமல் தனியாகச் செய்துகொடுங்கள்.

பூனை

பூனைக்கு மீன் வாங்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பைபர் படகு மீன் கொஞ்சம் வரும், விலை எகிறும், சில நாள் கிடைக்கவே கிடைக்காது. மத்தியும் நெத்திலியும் தின்று வளர்ந்த காசிமேட்டுப் பூனை அந்த நாளில் பாக்கெட் தீனியைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே தடைக்காலத்தில் வேலை ஒப்புக்கொண்டால், வீட்டுக்காரர் இருக்கும்போதே இரண்டு வாரம் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிடச் சொல்லுங்கள். சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. பூனை இரண்டு நாள் முழுப்பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடத் தொடங்கும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

கொடுக்கும் மீனை உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். பச்சை மீனையே தினமும் கொடுப்பது நல்லதில்லை.

ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் திரும்பினால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம், மறுநாள் வரை தாங்காது. தினமும் தட்டில் எத்தனை ஈரக்கட்டி இருக்கிறது என்று எண்ணிக் குறித்து வைப்பதற்கு இதுதான் காரணம். ஜுரம் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமால் அரை மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது. பூனைக்கு அது உயிரைக் கொல்லும் மருந்து.

புறாவும் மீன் தொட்டியும்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, ராயபுரம் மாடிகளில் பந்தயப் புறா வளர்ப்பவர்களுக்கு அது பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபம் வரும். ஒவ்வொன்றுக்கும் காலில் வளையம், நோட்டில் வம்சம் எல்லாம் உண்டு. எனவே ஒரே ஒரு விதி: நீங்கள் திறந்து பறக்கவிடாதீர்கள். பழகாத கைக்கு அவை இறங்காது. மேலே வல்லூறும், தடை இருந்தும் ஒழியாத மாஞ்சா நூலும் காத்திருக்கின்றன. கூட்டுக்குள்ளேயே கம்பு, சோளம், பட்டாணி, பாசிப்பயறு கலவையை அளந்து போடுங்கள், தண்ணீரைத் தினம் மாற்றுங்கள், பொழுது சாயும்போது எண்ணிக்கை சரிபாருங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்கினால் தூள் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு சுரண்டுங்கள்.

மீன் தொட்டிக்குக் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். ஒருநாள் போடாவிட்டால் ஒன்றும் ஆகாது, கூடுதலாகப் போட்டால்தான் தண்ணீர் கெட்டு மீன் சாகும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாமல், வாளியில் ஒருநாள் வைத்திருந்து கால்வாசி மட்டும் மாற்றுங்கள். மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

பழைய மருத்துவ அட்டை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். பக்கத்து மருத்துவரால் முடியாவிட்டால் நம் பக்கத்துக்குப் பெரிய இடம் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1903இல் தொடங்கியது, நம் தாத்தா காலத்து மாடுகளும் அங்கேதான் போயிருக்கும். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், கூட்டம் அதிகம். அரசின் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

மெட்ரோவில் பிராணியை ஏற்ற முடியாது. ஷேர் ஆட்டோவும் ஒத்துவராது. நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். "அண்ணா, நாய் ஒண்ணு இருக்கு, பெட்ஷீட் விரிச்சிக்கிறேன்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வருவார்கள். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், அந்த வழியை நம்பாதீர்கள்.

நாயின் உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. நமக்கு ஜுரம் என்று தோன்றும் சூடு அதற்கு ஜுரமில்லை. ஈறு வெளுத்து, சாப்பிடாமல், மூக்கிலிருந்து இரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசியைத் தொடங்குங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். கடைசி ஊசி வரை போட்டு முடியுங்கள்.

மழையும் வாயுவும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவொற்றியூரில் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தேன். பன்னிரண்டு வயது லேப்ரடார், பின்னங்கால் ஊன்ற முடியாது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டபோது ராத்திரி இரண்டு மணி. போர்வையை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து ஏணை மாதிரி தூக்கி, மேல்வீட்டுப் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பதினாறு படி ஏற்றினோம். எட்டாவது படியில் அது என் கையை நக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பையனிடம் முதல் வாரமே நான் பேசி வைத்திருக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் கதவைத் தட்டியிருக்க மாட்டேன். ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரை தரைத்தள வீடு எடுத்தால், மேல்வீட்டுக்காரர்களை முதலில் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் தீனி, மருந்து, டார்ச், குடிதண்ணீர் கேன், தாள்களின் நகல் எல்லாம் ஒரு பையில் மேலே இருக்கட்டும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மெயின் சுவிட்சை அணையுங்கள், கால் நனைந்த பிறகு தொடாதீர்கள். வெள்ளத் தண்ணீரில் நாயை நடக்கவிட்டால் எலிக்காய்ச்சல் வரலாம்.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பக்கம் வீடு பார்த்துக்கொள்பவர்கள் இதை மனதில் வைத்தே படுக்க வேண்டும். கண் எரிந்து மூச்சு முட்டினால், வீட்டு கேஸ் கசிகிறதா என்று சமையலறையில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். துணியை நனைத்து மூக்கில் கட்டுங்கள், காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்காகப் போங்கள். பூனைக் கூடை, நாய்ப் பெல்ட், சாவி மூன்றும் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கினால்தான் அரை நிமிடத்தில் வெளியே வர முடியும். கூண்டுப் பறவைதான் முதலில் மயங்கும்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பே நம் தெருக்களில் வெடி தொடங்கிவிடும். நடையை விடிகாலைக்கு மாற்றி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் போட்டு, நடு அறையில் கூடவே உட்காருங்கள். கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள்.

அவர்கள் திரும்பி வரும் நாள்

தினமும் ஒரு படம், இரண்டு வரி அனுப்புங்கள்: சாப்பிட்டது, கழித்தது, நடந்தது. வீட்டைப் பற்றிக் கெட்ட செய்தி இருந்தால் அன்றே சொல்லுங்கள்.

வருவதற்கு முந்தின நாள் சம்ப்பை நிரப்பி, படுக்கை விரிப்பைத் துவைத்து, பால் பாக்கெட் ஒன்று வாங்கி வையுங்கள். மீட்டர் எண்ணையும் செலவுக் கணக்கையும் அந்த நோட்டிலேயே எழுதி, சாவியோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். அவர்கள் வந்து இறங்கும் நேரத்தில் கேட் பூட்டியிருக்க வேண்டும், பெட்டிகள் உள்ளே வந்து கேட்டைச் சாத்திய பிறகுதான் நாயை அவிழ்த்துவிட வேண்டும். சந்தோஷத்தில் தெருவுக்குப் பாய்ந்து வண்டியில் அடிபட்ட நாயை நான் பார்த்திருக்கிறேன்.

ஐயா கையைக் காட்டியதும் மணி ஓடிப்போய் அவர் காலைச் சுற்றிக்கொண்டான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வாரம், என் குரல் கேட்டு அவன் குழம்பக்கூடாது என்று, எதிர்வீடாக இருந்தும் வாசலில் நின்று யாரையும் சத்தமாகக் கூப்பிடவில்லை.